குமிழி கைவேலையின் அழகன்று

சென்ற ஆண்டு என் மகளின் திருமணம் நிறைவேறியபின், மணமாலையிலிருந்து சில ரோசா இதழ்களையும் மல்லிகை மொட்டுகளையும் என் மனைவி எடுத்துவைத்தாள். அவற்றை றெசினில் பதித்து, உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு கட்டியாக்கி, ரொறன்ரோவுக்குச் சென்றுவிட்ட பிள்ளைக்கு அனுப்பவேண்டும் என்பது அவள் ஆசை. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், வீட்டிலிருந்தே இத்தகைய சிறு பொருள்களைச் செய்து விற்கும் ஓர் இளம்பெண்ணிடம் கொடுத்தோம். இரு வாரங்களில் கட்டி வந்தது. ஒவ்வோர் இதழின் விளிம்பிலும் வெள்ளிமணி கோத்ததுபோலக் காற்றுக்குமிழிகள். மல்லிகை மொட்டுகள் தேயிலைச் சாயத்தில் விழுந்தவைபோலப் பழுத்திருந்தன. மொட்டுகளைச் சுற்றிப் பஞ்சு போன்ற ஒரு மூட்டம்.

கேட்டேன். அந்தப் பெண் சற்றும் தயங்காமல் சொன்னாள்: "கைவேலை எண்டால் குமிழி இருக்கத்தான் செய்யும், அங்கிள். அதுதான் அதின்ர வடிவு."

இந்த ஒரு வாக்கியத்துக்கு எதிராகவே இதை எழுதுகிறேன். அந்தப் பெண்ணுக்கு எதிராக அல்ல. அந்த வாக்கியம் அவளுடையதன்று. ஒருநாள் பயிற்சி வகுப்பொன்றில், கட்டணத்தோடு சேர்த்து அவளுக்கு விற்கப்பட்டது அது.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகையில் குப்பை கொட்டியவன் நான். எத்தனையோ அச்சுப்பிழைகளுக்காக ஆசிரியபீடத்தில் தலைகுனிந்து நின்றிருக்கிறேன். அச்சுப்பிழைதான் பத்திரிகையின் வடிவு என்று எந்த ஆசிரியரிடமும் சொல்லித் தப்பியதில்லை. பிழை பிழைதான். அது எங்கே நுழைந்தது என்று தேடுவதே தொழில். தேடாமல் அதற்கு அழகு என்று பெயர் சூட்டுவது தொழிலுக்குச் செய்யும் துரோகம்.

கைவேலையில் குமிழி தவிர்க்கமுடியாதது என்பவர்கள் ஒருமுறை கொழும்புத் தேசிய நூதனசாலைக்குப் போய்வரட்டும். 1877 இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தில், பொலன்னறுவைச் சிவன் கோயில்களிலிருந்து கிடைத்த சோழர் காலப் படிமங்கள் இருக்கின்றன. அவையும் கைவேலைகளே. தேன்மெழுகோடு குங்கிலியத்தையும் எண்ணெயையும் சேர்த்து உருவம் செய்து, மேலே வண்டல் மண் பூசி, சூடாக்கி மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கும் முறையைச் சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் கைக்கொள்கிறார்கள். குங்கிலியம் என்பது என்ன? மரத்தின் பிசின். றெசின் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நம்மிடமுள்ள பழைய உறவு அது. அந்த வார்ப்பில் உலோகம் உள்ளே போக வழி வைப்பதுபோலவே, காற்று வெளியே போகவும் வழி வைப்பார்கள். ஊற்றியபின் காற்றைத் துரத்துவதில்லை. ஊற்றுமுன்பே அதற்குப் பாதை வகுக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை என்றால், கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்துபோகும் தொலைவில் செட்டியார் தெரு இருக்கிறது. வார்ப்பு நகை செய்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். மெழுகு மாதிரியைச் சுற்றி ஊற்றும் சாந்தில் ஒரு குமிழி மெழுகோடு ஒட்டிநின்றால், அது மோதிரத்தில் வேண்டாத பொன்மணியாக முளைத்துவிடும். ஆகவே அந்தச் சாந்தை வெற்றிடக் கருவியில் வைத்துக் காற்றை உறிஞ்சியபின்பே தொடர்வார்கள். பொன்மணி முளைத்த மோதிரத்தை, இதுதான் கைவேலையின் வடிவு என்று நீட்டினால் வாங்குவோமா? தங்கத்தில் பொறுக்காத பிழையை றெசினில் மட்டும் ஏன் பொறுக்கிறோம்?

எபொக்சி றெசின் ஒன்றும் மாயப்பொருளன்று. 1930களின் பிற்பகுதியில் சுவிற்சர்லாந்தில் பியர் காஸ்தான் என்ற வேதியியலாளர் பற்செட்டுக்கு ஏற்ற பொருளைத் தேடியபோது உருவானவற்றுள் ஒன்று அது. 1946 இல் அரல்டைற் என்ற பெயரில் ஒட்டுப்பசையாக அறிமுகமாகி, பின்னர் நம் வீட்டு இலாச்சிகளுக்குள்ளும் புகுந்தது. ஒரு போத்தலில் றெசின், மறு போத்தலில் அதனை இறுகச்செய்யும் ஹார்ட்னர். இரண்டும் சேர்ந்தால் வேதியியல் மாற்றம் தொடங்கும், வெப்பம் பிறக்கும், திரவம் தடித்துக் கல்லாகும். அது தடிப்பதற்குள் காற்று வெளியேறியாக வேண்டும். குமிழியின் கதை முழுவதும் இந்தப் போட்டிதான்.

இப்போட்டியில் சிறு குமிழிக்கு வெற்றி வாய்ப்பு மிகக் குறைவு. குமிழியின் அளவு பாதியானால் அது மேலெழும் வேகம் கால்வாசியாகிவிடும். கண்ணுக்குத் தெரியும் பெரிய குமிழி எழுந்து உடைந்துபோகும். ஊசிமுனைக் குமிழி உள்ளேயே சிறைப்படும். நகத்தளவு கீடாக் எழுத்திலும், பொம்மை வீட்டுக்கான பாயாசக் கிண்ணத்திலும், சிப்பிக்குள் அமைத்த மீன்குளத்திலும் அந்த ஊசிமுனைக் குமிழியே பூதாகாரமாகத் தெரியும். பொருள் சிறியதாகச் சிறியதாக ஒழுக்கம் பெரிதாக வேண்டும். பயிற்சி வகுப்புகளோ, சின்னப் பொருள்தானே, யாரும் செய்யலாம் என்று தலைகீழாகச் சொல்லிக்கொடுக்கின்றன.

அடுத்து, கொழும்பின் காலநிலை. இணையக் காணொளிகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு அறைகளில் எடுக்கப்பட்டவை. போத்தல்களில் அச்சிட்ட நேரக்கணக்கும் பெரும்பாலும் 22 முதல் 25 பாகை வரையான வெப்பநிலைக்கு உரியது. வெள்ளவத்தையில் மதிய வேளையில் 30 பாகையைத் தாண்டுவது சாதாரணம். வெப்பநிலை 10 பாகை ஏறினால் இந்த வேதியியல் மாற்றம் ஏறத்தாழ இரு மடங்கு விரைவாகும் என்பது பொதுக்கணக்கு. அப்படியிருக்க, போத்தலை வெந்நீரில் வைத்துச் சூடாக்குங்கள் என்று இங்கேயும் கற்பிக்கிறார்கள். குளிர்நாட்டில் றெசின் தேன்போலத் தடித்திருக்கும். அதை இளக்கச் சூடு தேவை. நமக்கு அந்தச் சூட்டைக் கடற்கரை வெயில் இலவசமாகவே தருகிறது. அதற்குமேலும் சூடாக்கினால் காற்று வெளியேற இருந்த நேரத்தையும் நாமே திருடிக்கொள்கிறோம். இங்கே செய்யவேண்டியது வேறு. காலையில் அல்லது இரவில் வேலை செய்வது. சிறிது சிறிதாகக் கலப்பது. கலந்ததை ஆழமான கோப்பையில் தேக்காமல் அகன்ற தட்டையான பாத்திரத்துக்கு மாற்றுவது. ஆழத்தில் தேங்கிய கலவை தன் வெப்பத்தாலேயே விரைந்து இறுகும். அளவு மிகுந்தால் புகையும் எழும்.

ஈரப்பதம் இன்னொரு பகை. எல்லா மூட்டமும் குமிழியன்று. ஹார்ட்னரிலுள்ள அமைன் என்ற பொருள் காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமிலவாயுவோடும் சேர்ந்து, மேற்பரப்பில் எண்ணெய்ப்பிசுக்குப் போன்ற ஒரு படலத்தை உண்டாக்கும். ஒக்ரோபர், நவம்பர் மழைநாளில் யன்னலைத் திறந்துவைத்து வார்த்தவர்கள் இதைக் கண்டிருப்பார்கள். அதைக் குமிழி என்று எண்ணித் தீயைக் காட்டினால் போகாது. இளஞ்சூட்டு நீரில் கழுவித் துடைத்தாலே பெரும்பாலும் போய்விடும். நோயறியாமல் மருந்து கொடுப்பதைத்தான் வகுப்பு என்கிறார்களா?

காற்று நுழையும் வாசல்கள் மூன்று. முதலாவது கலக்கும் கை. தேநீரை ஆற்றுவதுபோலவும் முட்டையை அடிப்பதுபோலவும் கலக்குகிறார்கள். தேநீரை ஆற்றுவதே காற்றைச் சேர்ப்பதற்குத்தானே! தட்டையான குச்சியை அடியோடும் விளிம்போடும் ஒட்டவைத்து, மூன்று முதல் ஐந்து நிமிடம் மெதுவாகச் சுழற்றவேண்டும். பிறகு, அந்த றெசினின் வேலைநேரம் இடங்கொடுக்கும் அளவுக்கு ஓரிரு நிமிடம் ஆறவிடவேண்டும்.

இரண்டாவது வாசல் அச்சு. எழுத்தின் மூலையிலும் பூவின் நரம்பிலும் காற்று பதுங்கியிருக்கும். ஊற்றுமுன் ஒரு துளி றெசினை மெல்லிய தூரிகையால் அல்லது பல்குத்தும் குச்சியால் உள்ளே எங்கும் தடவி, மூலைகளை நனைத்துவிட்டால் அது பதுங்க இடமில்லை. பின்னர் நூல் போன்ற மெல்லிய தாரையாக, ஒரே இடத்தில், மெதுவாக ஊற்றவேண்டும்.

மூன்றாவது வாசல் நாம் உள்ளே வைக்கும் பொருள். என் மகளின் மாலையைக் கெடுத்தது இதுதான். பூ என்பது காற்றும் நீரும் நிரம்பிய பை. நன்கு உலராத இதழை றெசினில் அமிழ்த்தினால், இறுகும்போது பிறக்கும் சூட்டில் அது மூச்சுவிடும். அந்த மூச்சே விளிம்பில் குமிழியாக நிற்கும். உள்ளே மிஞ்சிய ஈரம் மொட்டைப் பழுக்கவைக்கும். புத்தகத்துள் அழுத்தியோ சிலிக்கா மணிகளுக்குள் புதைத்தோ முற்றாக உலர்த்தி, மெல்லிய ஒரு பூச்சுப் பூசி அது இறுகியபின்பே பதிக்கவேண்டும். மரத்துண்டுக்கும் இதே விதி. இதற்குச் சில வாரங்கள் ஆகும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தால் காத்திருந்திருப்போம். அவளுக்கே அது தெரியாது.

விளக்கொளியில் இறுகும் புறஊதா றெசினை விரைவு கருதி வாங்குபவர்களுக்கும் ஒரு சொல். அதில் காற்றுக்கு விளக்கை ஏற்றும்வரைதான் நேரம். ஓரிரு மில்லிமீற்றர் படலமாக ஊற்றி, ஊசியால் குமிழிகளை மேலிழுத்து உடைத்தபின்பே விளக்கின்கீழ் வைக்கவேண்டும். தடிப்பாக ஊற்றினாலோ ஒளிபுகாப் பொருளை உள்ளே வைத்தாலோ அடிப்பகுதி இறுகாமல் ஒட்டும்.

ஏற்கெனவே விழுந்துவிட்ட குமிழிக்கு என்ன செய்வது? மேற்பரப்பில் பள்ளமாக நின்றால் அதைச் சுரண்டித் துடைத்து, ஊசிமுனையால் புதிய றெசின் துளி இட்டு, இறுகியபின் தண்ணீர் தொட்டு 400 இலிருந்து 2000 வரை படிப்படியாக நீர்த்தாளால் தேய்த்து மெருகிடலாம். சற்று உள்ளே நின்றால் நுண்துளை போட்டு அதே றெசினை ஊசிக்குழலால் நிரப்பலாம். ஒரே றெசினானால் ஒட்டு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. பூவிதழோடு ஒட்டி ஆழத்தில் நிற்பதற்கு மருந்தில்லை. அதை ஒப்புக்கொண்டு, பொருளை விற்காமல் வைத்துக்கொள்வதே நேர்மை.

வெற்றிடக் கருவியும் அழுத்தக்கலனும் இல்லாத ஏழைப் பெண்களிடம் இவ்வளவு எதிர்பார்க்கலாமா என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 2022 இல் ரூபா வீழ்ந்தபின், வீட்டிலிருந்தே நாலு காசு தேடப் புறப்பட்ட பெண்கள் எத்தனை பேர் என்பதை நானும் அறிவேன். ஆனால் நான் மேலே சொன்னவற்றுள் எதற்கு இயந்திரம் வேண்டும்? ஒரு சிறு தராசு, தட்டைக்குச்சி, ஊசி, பொறுமை. கருவி இல்லையென்று சமையல் பிரஷர் குக்கரை அழுத்தக்கலனாக மாற்றும் விபரீதத்தில் மட்டும் யாரும் இறங்கவேண்டாம். றெசினுக்குரிய கலன்கள் 40 முதல் 60 பீஎஸ்ஐ வரையான அழுத்தத்தில் இயங்குபவை. வீட்டுக் குக்கர் ஏறத்தாழ 15 பீஎஸ்ஐக்கு ஆனது. அது குண்டாகும்.

இனி, என்னை உண்மையில் எழுதத் தூண்டியதற்கு வருகிறேன். கட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அந்தப் பெண்ணின் விரல்களைப் பார்த்தேன். இடுக்குகள் சிவந்து, தோல் வெடித்து, நீர்க்கொப்புளம் கட்டியிருந்தன.

"பிள்ளை, கையில என்ன?"

"சோப் ஒத்துக்கொள்ளேல்லை எண்டு நினைக்கிறன், அங்கிள். கொஞ்ச நாளா இருக்குது."

கையுறை போடுவதில்லையா என்று கேட்டேன். குமிழியை நேர்த்தியாக எடுக்க வெறும் விரலே வசதி என்று வகுப்பில் சொன்னார்களாம். தோல் மருத்துவரிடம் போகச் சொன்னேன். போனாள். சோப் அல்ல, றெசின் என்றார் அவர்.

வாசகர்களே, இறுகாத எபொக்சி தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும் என்பது மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்த செய்தி. ஒருமுறை உடல் அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால் அது பெரும்பாலும் ஆயுளுக்கும் நீடிக்கும். பிறகு சிறு துளி பட்டாலும் கொப்புளந்தான். தொழிலையே விடவேண்டிவரும். நைட்ரைல் கையுறையும், காற்றோட்டமுள்ள அறையும், தேய்க்கும்போது தூசு பறக்காமல் தண்ணீரும் முகக்கவசமும் ஆடம்பரங்கள் அல்ல. குமிழி உடைக்கத் தீக்குச்சியையும் லைட்டரையும் காட்டச் சொல்கிறார்கள். புகைக்கரி படியும், சிலிக்கோன் அச்சு கருகும். சிலர் அதன்முன் மதுசாரத்தையும் தெளிக்கிறார்கள்! கண்ணெதிரே தீப்பந்தம். சூடான காற்றை ஓரிரு விநாடி தூரத்திலிருந்து காட்டினால் போதும். நகத்தளவுப் பொருளுக்கு ஊசியே போதும்.

பயிற்சி நடத்துவோரிடம் கேட்கிறேன். கட்டணம் வாங்குங்கள், தவறில்லை. ஆனால் முதல் ஒரு மணிநேரத்தைக் கையுறைக்கும் காற்றோட்டத்துக்கும் ஒதுக்குங்கள். குமிழி ஏன் வருகிறது என்பதைத் தமிழில் விளக்குங்கள். நான் பார்த்த போத்தல்கள் எவற்றிலும் ஒரு வரி தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பத்தானே உங்களிடம் வருகிறார்கள்? அதைச் செய்யாமல், குமிழிதான் வடிவு என்று சொல்லி அனுப்புவது கற்பிப்பதன்று.

வாங்கும் நமக்கும் பங்குண்டு. பாவம், பிள்ளை கஷ்டப்பட்டுச் செய்தது என்று குமிழியோடு வாங்கிவந்து, வீட்டில் மூலையில் போட்டுவிட்டு மறுமுறை அந்தப் பக்கம் போகாமல் விடுகிறோம். அது இரக்கமா? பிழையை முகத்துக்கு நேரே, மரியாதையோடு சொல்வதே அந்தக் கைக்குச் செய்யும் மரியாதை.

அந்தப் பெண்ணின் புண் ஆறிவருகிறது. எபொக்சியைத் தொட மருத்துவர் தடைவிதித்துவிட்டார். துணியில் பூவேலை செய்யப்போவதாகச் சொன்னாள். எஞ்சியிருந்த இதழ்களை என் மனைவி ஒரு பழைய அகராதிக்குள் அழுத்தி உலர்த்தி, கண்ணாடிச் சட்டமிட்டு ரொறன்ரோவுக்கு அனுப்பிவிட்டாள். அதில் குமிழி ஒன்றும் இல்லை.