கைவிடும் முன்

வீட்டு ஒலிபெருக்கி கரகரக்கத் தொடங்கியதும் பலரது நாவில் எழும் முதற்சொல், ‘புதிது வாங்கிவிடலாம்’ என்பதே. எப்பாகம் பழுதுற்றது என்று அறியுமுன்னரே முழுக்கருவிக்கும் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. இவ்விரைவு ஏற்கத்தக்கதன்று.

ஒலிபெருக்கியின் உள்ளமைப்பு எளியது. 1925ஆம் ஆண்டில் செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் என்னும் அமெரிக்கப் பொறியாளர் இருவர் விளக்கிய இயங்குசுருள் முறையே இன்றும் பெரும்பாலான பெட்டிகளில் உள்ளது. காந்தப்புலத்தினுள் ஒரு கம்பிச்சுருள். பாயும் மின்னோட்டத்திற்கேற்ப அது முன்னும் பின்னும் அசைய, அதனோடு ஒட்டிய கூம்பு காற்றை அதிரச் செய்கிறது. இவற்றுள் காந்தம் பல பத்தாண்டுகள் வலிமை குன்றாதது. பழைய பெட்டிகள் பலவற்றில் முதலில் மூப்பெய்துவது கூம்பின் விளிம்பைத் தாங்கும் நுரைப்பஞ்சு வளையமே. வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் அது 15, 20 ஆண்டுகளில் விரல் பட்டாலே உதிரும் நிலையை அடைகிறது. அவ்வளையத்தை மட்டும் மாற்றி ஒட்டினால் பழைய குரல் மீள்கிறது. அதற்காகப் பெட்டியையே எறிவது, கம்பி ஒன்று முறிந்ததற்குக் குடையை எறிவது போன்றது.

பழுது ஒலிபெருக்கியில்தான் உள்ளதா என்பதையும் முதலில் அறிய வேண்டும். இடப்பெட்டி, வலப்பெட்டி ஆகியவற்றின் இணைப்புகளைப் பெருக்கியில் ஒன்றுக்கொன்று மாற்றினால் போதும். கரகரப்பு அடுத்த பெட்டிக்குத் தாவுமாயின் குற்றம் பெருக்கியிலோ அதற்கு முன்னுள்ள கருவியிலோ உள்ளது. தாவாவிடில், மல்டிமீட்டர் கொண்டு சுருளின் மின்தடையை அளக்கலாம். 8 ஓம் எனக் குறிக்கப்பட்டது 6 ஓம் அளவில் காட்டினால் சுருள் அறுபடவில்லை. அளவே காட்டாவிடில் அறுந்துவிட்டது. ‘காயில் போய்விட்டது’ என்று பழுதுபார்ப்போர் கூறுவது இதனையே. அப்போதும் அளவொத்த மாற்றுப் பாகம் சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் கிடைக்கக்கூடும். அது கிடைக்காமல், மரத்தூள் பலகையும் நீரில் ஊறி உப்பியிருந்தால், கைவிடுவதே முறை. ‘என்றாவது சரிசெய்யலாம்’ எனப் பரணில் பத்தாண்டு கிடத்துவது சிக்கனமும் ஆகாது.

கம்பியில்லாச் சிறு ஒலிபெருக்கிகளின் நிலையோ வேறு. அவற்றின் லித்தியம் மின்கலம் சில நூறு முறை மின்னேற்றிய பின் தளர்கிறது. பலவற்றில் மேலுறை பசையால் மூடப்பட்டிருப்பதால், திறக்க முயன்றால் உடைகிறது. கூம்பும் காந்தமும் நன்றாயிருக்க, மின்கலம் ஒன்றனுக்காக முழுக்கருவியும் குப்பைக்குச் செல்கிறது. இங்குக் கைவிடும் முடிவை எடுப்பவர் உரிமையாளர் அல்லர். வடிவமைப்பாளரே முன்னதாக எடுத்துவிட்டார். இந்தியாவின் 2022ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகள் மறுசுழற்சிப் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் சுமத்துகின்றன. நன்று. எனினும் மறுசுழற்சி என்பது உடைத்தபின் நிகழ்வது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு மின்கலச் சட்டமோ, கையடக்க மின்கலங்களைப் பயனரே கழற்றி மாற்றும் வகையில் கருவிகள் 2027 முதல் அமைய வேண்டும் என்கிறது, விலக்குகள் சிலவே. அத்தகைய விதி இங்கும் தேவை.

கடைகளில் ஒலியின் அளவும் விலையும் விரிவாகக் கூறப்படுகின்றன. பெட்டியின் பின்புறத்தைத் திருப்பி, திருகாணிகள் உள்ளனவா என்று பார்த்து வாங்குவோர் மிகச் சிலரே.