விடைபெறும் ஊழியரின் பணம் யாருடையது?



குகைக்குள் அடைபட்ட மூவரைப் பற்றிய ஹதீஸை மாணவர்களுக்கு ஓதிக் கொடுக்காத ஆண்டு நமக்கில்லை. புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான அந்நிகழ்வை ஜும்ஆ பயான்களிலும் பலமுறை கேட்டிருப்பீர்கள். மூவரில் ஒருவர் முதலாளி. அவரிடம் வேலை செய்த கூலியாள் தன் கூலியை வாங்காமலேயே போய்விடுகிறார். முதலாளி அதைத் தன் பெட்டியில் சேர்த்துக்கொள்ளவில்லை; அதை வைத்துப் பயிரிட்டுப் பெருக்குகிறார். நீண்ட காலம் கழித்துக் கூலியாள் திரும்பி வந்து கேட்டபோது, பெருகி நின்ற கால்நடைகள் அனைத்தையும் காட்டி, "இவை உன்னுடையவை" என்கிறார். கேலி செய்கிறார் என்று எண்ணிக் கூலியாள் தயங்குகிறார். கேலியில்லை என்று உறுதி சொல்லி அனைத்தையும் ஒப்படைக்கிறார். அந்த அமலை முன்வைத்துக் கேட்ட துஆவில்தான் பாறை விலகியது.

நம் கடைவீதிகளில் இன்று நடப்பது இதற்கு நேர்மாறானது. நமக்கு நன்கு அறிமுகமான சகோதரர் ஒருவர், நம்மவர் நடத்தும் ஜவுளிக்கடை ஒன்றில் 18 ஆண்டுகள் நின்று துணி விரித்தார். முழங்கால் தேய்ந்த பிறகு வேலையிலிருந்து நின்றார். நிற்கும் நாளில், பாக்கி ஏதுமில்லை என்று எழுதிய தாளில் கையொப்பம் வாங்கப்பட்டது. ஒரு வேட்டி, ஒரு சால்வை, இரண்டாயிரம் ரூபாய். அவ்வளவுதான். அவருடைய கடைசி அடிப்படைச் சம்பளம் 13,000 ரூபாய். 1972 முதல் நாட்டில் நடைமுறையிலுள்ள பணிக்கொடைக் கணக்குப்படி ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம். மாதத்தை 26 நாளாகக் கொண்டு வகுத்தால் ஆண்டொன்றுக்கு 7,500 ரூபாய். பதினெட்டு ஆண்டுக்கு 1,35,000 ரூபாய். இது இனாம் அன்று, கடன். ஐந்தாண்டு தொடர்ந்து உழைத்து விலகியவருக்கு முப்பது நாளுக்குள் கொடுக்கப்பட வேண்டிய கடன்.

வருங்கால வைப்பு நிதி, அதாவது நாம் பி.எஃப். என்று சொல்வது, அவருக்கு அறவே இல்லை. கடையில் நாற்பது பேர் வேலை செய்கிறார்கள்; பதிவேட்டிலோ பதினேழு பேர். இருபது பேர் இருந்தால் பி.எஃப். கட்டாயம் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. (பணிக்கொடைக்குப் பத்துப் பேர் போதும் என்பதைக் கணக்குப்பிள்ளை மறந்துவிட்டார் போலும்.) முறையாகப் பதிந்திருந்தால், 13,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு மாதந்தோறும் அவர் பங்கு 12 சதவீதமாக 1,560 ரூபாயும், முதலாளி பங்கு அதே அளவும் சேர்ந்திருக்கும். முதலாளி பங்கில் 8.33 சதவீதம் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும், எஞ்சிய 3.67 சதவீதம் வைப்பு நிதியில் சேரும். பத்தாண்டுப் பணி நிறைந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. அந்தச் சகோதரருக்கு இவற்றில் ஒன்றுமே இல்லை.

இதைக் கேட்டால் சிலர் உடனே மார்க்கம் பேசுகிறார்கள். "ஹஜரத், பி.எஃப்.பில் வட்டி சேர்கிறதே, நம் ஊழியர்களை ஹராமில் தள்ளலாமா?" என்கிறார்கள். ஊழியரின் தக்வாவில் முதலாளி காட்டும் இந்த அக்கறை நம்மை வியப்பில் ஆழ்த்துகிறது. கட்டாயமாகப் பிடிக்கப்படும் தொகை ஊழியரின் கைக்கு வந்து அவர் விரும்பிக் கடன் கொடுத்ததன்று. ஆகவே அதன் மேல் சேர்ந்து கிடைப்பது ரிபாவின் இலக்கணத்தில் அடங்காது என்று முஃப்தி முஹம்மது ஷஃபி (ரஹ்) அவர்கள் உள்ளிட்ட உலமாக்கள் விளக்கியுள்ளனர். ஊழியர் தாமாக முன்வந்து கூடுதலாகக் கட்டும் தொகையில்தான் பேணுதல் வேண்டும் என்றார்கள். இக்கருத்தை ஏற்காத அறிஞர்களும் உண்டு, அவர்களையும் மதிக்கிறோம். ஆனால் கருத்து வேறுபாடெல்லாம் மேலே சேரும் தொகையைப் பற்றியதே. ஊழியர் பங்கும் முதலாளி பங்கும் ஹலால் என்பதில் எவருக்கு ஐயம்? உண்மையிலேயே வட்டிக்கு அஞ்சுகிற முதலாளி அந்த 12 சதவீதத்தை மாதந்தோறும் ஊழியரின் கையில் ரொக்கமாகக் கொடுத்திருக்க வேண்டுமல்லவா? அப்படிக் கொடுத்த ஒருவரையும் நாம் இதுவரை கண்டதில்லை.

இதைவிடக் கொடியது ஒன்றுண்டு. சம்பளத்தில் பி.எஃப். என்று பிடித்துவிட்டு அதை நிதியில் கட்டாமல் வைத்துக்கொள்வது. அப்படிப் பிடித்த பணத்தை முதலாளியிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளாகவே சட்டம் கருதுகிறது; கட்டத் தவறினால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம். நம் மொழியில் அமானித மோசடி. வேறு சிலர் தம் பங்கையும் ஊழியரின் சம்பளத்திலேயே கழிக்கிறார்கள். அதையும் சட்டம் தடுத்திருக்கிறது. அளவில் குறைப்போரை எச்சரிக்கும் முதஃப்ஃபிஃபீன் அத்தியாயம் தராசுக்கு மட்டும்தான் பொருந்தும் என்று எண்ணுகிறார்களோ, தெரியவில்லை.

அந்த ஜவுளிக்கடைச் சகோதரரிடம் திரும்புவோம். சென்ற ரமழானில் ஜகாத் வாங்க வந்தவர்களின் வரிசையில் அவரைக் கண்டோம். அதே கடை வாசல். முதலாளி அவருக்கு 1,000 ரூபாய் கொடுத்து, துஆச் செய்யச் சொன்னார். 1,35,000 ரூபாய் கடன்பட்டவர், கடன் கொடுத்தவருக்கு ஜகாத் வழங்குகிறார்! ஜகாத் கொடுத்தால் கூலிக் கடன் கழியாது. கூலிக் கடனை ஜகாத் கணக்கில் எழுதினால் ஜகாத்தும் நிறைவேறாது. இது மத்ரஸாவின் இரண்டாம் ஆண்டு மாணவனுக்கும் தெரிந்த சட்டம்.

கடைக்காரர்களை மட்டும் சாடிவிட்டு நாம் ஒதுங்க முடியாது. நம் பள்ளிக்கூடங்களிலும் மத்ரஸாக்களிலும் என்ன நடக்கிறது? பள்ளி ஆசிரியர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்பதை 2009ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாக்கிற்று. 1997 ஏப்ரல் 3 முதல் அது செல்லும் என்பதை 2022இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஆயினும் நாலே முக்கால் ஆண்டில் ராஜினாமா எழுதி வாங்கி, மறு மாதம் புதிதாகச் சேர்ப்பதைப் போல் காட்டும் நிர்வாகங்கள் இருக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் 22 ஆண்டுகள் ஓதிக் கொடுத்த மூத்த உஸ்தாத் ஒருவர் விடைபெற்ற மஜ்லிஸில் நாமும் அமர்ந்திருந்தோம். பொன்னாடை போர்த்தினார்கள். அவருடைய கணக்கு என்ன என்று எவரும் கேட்கவில்லை. "அல்லாஹ் மறுமையில் கூலி தருவான்" என்று தலைவர் பேசினார். அதற்கு ஆமீன் சொன்னவர்களில் நாமும் ஒருவர். வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற ஹதீஸை அன்று காலைதான் ஓதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தோம்.

வேலையை விட நினைக்கும் சகோதர சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பாக்கி ஏதுமில்லை என்ற தாளில் கையெழுத்திடும் முன் உங்கள் பி.எஃப். கணக்கின் பாஸ்புக்கைப் பாருங்கள். பிடித்த மாதமெல்லாம் கட்டப்பட்டதா என்று ஒப்பிடுங்கள். விலகிய தேதியை நிர்வாகம் பதியாமல் இழுத்தடித்தால், கடைசித் தவணைக்கு இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் பதியும் வசதி 2020 முதல் இருக்கிறது. வேறு வேலையில் சேர்ந்தால் பணத்தை எடுத்துச் செலவழிக்காமல் புதுக் கணக்குக்கு மாற்றுங்கள். பத்தாண்டுக் கணக்கு அறுபடாமல் இருக்கும். உரிமையைக் கேட்பது முதலாளிக்குச் செய்யும் துரோகம் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

முதலாளிகளான சகோதரர்களுக்கு: வரும் ரமழானில் ஜகாத் கணக்கு எடுக்க நோட்டைத் திறக்கும்போது, உங்களிடம் ஐந்தாண்டுக்கு மேல் உழைத்து விலகியவர்களின் பெயர்களை முதல் பக்கத்தில் எழுதுங்கள். பலர் இன்னும் அதே மஹல்லாவில்தான் இருக்கிறார்கள். வீட்டைத் தேட வேண்டியதில்லை. ஃபஜ்ருக்கு உங்கள் பக்கத்து ஸஃப்பிலேயே நிற்கிறார்கள்.