ஏர்கன் எவ்வளவு தூரம் சுடும்?

மெரினாவில் பலூன் சுடுகிற கடையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுடுவார்கள். பலூன் உடைந்தால், "நம்ம கை அப்படி!" உடையாவிட்டால், "குழல் கோணல் ஸார்!"

ஏர்கன்னைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதல் கேள்வி, "எவ்வளவு தூரம் போகும்?" என்பதுதான். போவதென்னவோ சில நூறு கஜம் போகும். நினைத்த இடத்தில் எவ்வளவு தூரம் வரைக்கும் படும் என்பதல்லவா கேள்வி? பலூனுக்கு இது முக்கியமில்லை. முயலுக்கு ரொம்ப முக்கியம்.

ஏர்கன் வேட்டையைச் சட்டப்படி செய்கிற ஊர் பிரிட்டன். வயலை நாசம் செய்யும் முயல், தானியக் கிடங்கு எலி, பயிரைத் தின்னும் காட்டுப்புறா என்று அங்கே அதற்குக் காரணங்கள் உண்டு, நிபந்தனைகளும் உண்டு. துப்பாக்கிக்கும் அளவு போட்டிருக்கிறார்கள். 1969-ல் வந்த விதிப்படி ஏர் ரைஃபிள் என்றால் 12 அடி-பவுண்டு, ஏர் பிஸ்டல் என்றால் 6. ரைஃபிள் அதற்கு மேல் போனால் நிஜத் துப்பாக்கிக்கு வாங்குகிற மாதிரி போலீஸ் சான்றிதழ் வேண்டும். ஸ்காட்லாந்துக்கு இதுவும் போதவில்லை. 2016 டிசம்பர் 31 முதல் பன்னிரண்டுக்குக் கீழே இருந்தாலும் அங்கே லைசென்ஸ் வேண்டும். ஜெர்மனி இன்னும் கறார்: சும்மா வாங்குவதற்கு ஏழரை ஜூல்தான். அதாவது பிரிட்டிஷ் அளவில் பாதிகூட இல்லை.

அடி-பவுண்டு என்றதும் பயந்து பக்கத்தைப் புரட்டாதீர்கள். ஒரு பவுண்டு எடையை ஒரு அடி தூக்கத் தேவையான சக்தி, அவ்வளவுதான். பன்னிரண்டு அடி-பவுண்டு என்பது ஐந்தரைக் கிலோ அரிசிப் பையைத் தரையிலிருந்து ஒரு அடி உயர்த்துகிற வேலை. ஜூல் கணக்கில் 16.3. "ப்பூ, இவ்வளவுதானா?" என்பீர்கள். அந்த வேலை மொத்தத்தையும் 4.5 மில்லிமீட்டர் ஈயத்துண்டின் தலையில் ஏற்றி அனுப்புகிறார்கள். அங்கேதான் விஷயம்.

அந்த ஈயத்துண்டு, அதாவது பெல்லட், நம்ம உடுக்கை மாதிரி இடுப்பு சிறுத்து இருக்கும். .177 அளவு பெல்லட் அரை கிராமுக்குக் கொஞ்சம் அதிகம். பன்னிரண்டு அடி-பவுண்டில் விநாடிக்குச் சுமார் 244 மீட்டர் வேகத்தில் கிளம்பும். .22 பெல்லட் ஒரு கிராம் இருந்தால் அதே சக்தியில் சுமார் 180 மீட்டர்தான். சின்னது ஓடும், பெரியது இடிக்கும்.

சட்டம் இந்தச் சக்தியை அளப்பது குழல் வாயில். முயல் குழல் வாயில் உட்கார்ந்திருப்பதில்லை! 40 கஜம் போவதற்குள் காற்று சுமார் மூன்றில் ஒரு பங்கு சக்தியைச் சாப்பிட்டுவிடும். அதற்குள் புவியீர்ப்பும் தன் வேலையைக் காட்டும். .22 பெல்லட் 40 கஜத்தில் குழலின் நேர்கோட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் இறங்கியிருக்கும். .177 சுமார் அரைச் சாண்.

"ஸ்கோப்பில் சரி பண்ணிக்கலாமே?" பண்ணலாம். ஆனால் தூரத்தைச் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். 30 கஜத்துக்குக் குறி பதித்த .22-வை வைத்துக்கொண்டு, 40 கஜத்தில் இருக்கிற முயலை 30 என்று நினைத்துச் சுட்டால், குண்டு நாலைந்து சென்டிமீட்டர் கீழே படும். முயலின் தலையில் உடனே உயிர் போகிற இடம் நம்ம பத்து ரூபாய் நாணயத்தின் அளவுதான். நாலு சென்டிமீட்டர் கீழே என்றால் மூளை இல்லை, தாடை. தாடை உடைந்த முயல் அங்கேயே விழாது. வளைக்குள் ஓடிவிடும். உள்ளே போய் எத்தனை நாள் பட்டினி கிடந்து செத்தது என்று வேட்டைக்காரருக்குத் தெரியாது. "தப்பிச்சுடுச்சுப்பா!" என்று வீட்டுக்குப் போய் டீ குடிப்பார்.

இதனால்தான் அங்கே அனுபவஸ்தர்கள், பன்னிரண்டு அடி-பவுண்டு ரைஃபிளுக்கு 30, 35 கஜத்தோடு நிறுத்திக்கொள் என்கிறார்கள். அதுவும் எல்லோருக்கும் இல்லை. அதற்கு ஒரு பரீட்சை உண்டு. காகிதத்தில் நாணயம் அளவுக்கு ஒரு வட்டம். 20 கஜத்திலிருந்து ஐந்து குண்டு. ஐந்தும் உள்ளே விழுந்தால் ஐந்து கஜம் பின்னால் போகலாம். எந்த இடத்தில் ஒரு குண்டு வட்டத்தைத் தாண்டுகிறதோ, அதற்கு முந்தைய இடம்தான் உங்கள் தூரம். அது 20 கஜமாக இருந்தால் 20தான். துப்பாக்கியின் விலைச்சீட்டைக் காட்டி 40 என்று பேரம் பேச முடியாது. மூட்டையில் சாய்ந்து சுட்டால் ஒரு தூரம், நின்றுகொண்டு சுட்டால் வேறு தூரம், காற்றடித்தால் இன்னொன்று.

"சக்தியைக் கூட்டினால்?" பாதை கொஞ்சம் நேராகும், நிஜம். கை நேராகாது. விளம்பரங்களில் 'விநாடிக்கு 1,200 அடி!' என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். அது ரொம்ப லேசான பெல்லட்டைப் போட்டு எடுத்த கணக்காக இருக்கும். ஒலியின் வேகமே சுமார் 1,125 அடிதான். அந்த வேகத்தை ஒட்டிப் போனால் உடுக்கை தள்ளாட ஆரம்பித்து, குறி சிதறும்.

சக்திக்கும் குறிக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் ஞாபகமிருக்கிறதா? அபினவ் பிந்த்ரா இந்தியாவுக்கு முதல் தனிநபர் தங்கம் வாங்கித் தந்தது பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில். அந்தப் போட்டி ரைஃபிள்களின் சக்தி பிரிட்டிஷ் அளவில் ஏறக்குறைய பாதி. நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். நம்ம கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அளவில் பதக்கம் வாங்குவதும் இந்தப் புள்ளியைச் சுட்டுத்தான்.

சரி, இங்கே என்ன நிலைமை? வேடிக்கை. 2016 ஆயுத விதிகளின்படி .177 அளவுக்குள், 20 ஜூலுக்குள் இருக்கிற ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம். அடையாளச் சான்று காட்டினால் போதும். அதாவது பிரிட்டனில் லைசென்ஸ் இல்லாமல் கிடைப்பதைவிட இங்கே சக்தி அதிகம். ஆனால் அங்கே முயலைச் சுடலாம். இங்கே 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி முயல், காடை, கௌதாரி, கொக்கு எதையும் தொடக்கூடாது.

"காக்காய் கூடவா ஸார்?"

காக்காய் அந்தச் சட்டத்தில் தீங்குயிர் பட்டியலில் இருந்தது. 2022-ல் வந்த திருத்தம் அந்தப் பட்டியலையே தூக்கிவிட்டது.

இன்னொரு சமாச்சாரம். சட்டத்தில் 'வேட்டை' என்ற வார்த்தைக்குள் வேட்டையாட முயல்வதும் அடக்கம். ஆக, குறி தப்பினாலும் குற்றம்தான். "நான் சும்மா பயமுறுத்தத்தான் சுட்டேன்" என்பது எடுபடும் என்று நம்பாதீர்கள்.

ஆகவே, லீவுக்குக் கிராமத்துக்குப் போகிற பையனுக்கு ஏர்கன் வாங்கித் தருகிற மாமாக்களுக்கு ஒரு வார்த்தை. அது பொம்மை இல்லை. 40 கஜத்தில் ஒரு முயலை வலியில்லாமல் கொல்ல லாயக்கில்லாத அதே குண்டு, அதைவிட ரொம்ப தூரத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தையின் கண்ணைப் பறிக்கும். வாங்கித் தந்தால் கூடவே காகித அட்டையும், அதன் பின்னால் வைக்க நல்ல மண்மூட்டையும் தாருங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

கடைக்காரர் லைசென்ஸ் கேட்கமாட்டார். கொக்கின் சார்பில் வனத்துறை கேட்கும்.