கடை திறந்தால் மட்டும் போதுமா?

காலையில் கடையைத் திறப்பவர் முதலில் என்ன செய்கிறார்? வாசலைப் பெருக்குகிறார். கெட்டுப்போன பொருள்களை அப்புறப்படுத்துகிறார். விலை அட்டைகளைச் சரிபார்க்கிறார். அதன் பிறகுதான் வியாபாரம் தொடங்குகிறது. இணையக் கடைக்கும் இத்தகைய அன்றாட வேலைகள் உண்டு. ஆனால், புதிதாக இணையக் கடை தொடங்குவோரில் பலர் அதை அழகுபடுத்தவே முதலில் கற்றுக்கொள்கிறார்கள். பராமரிப்பைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். இந்த வரிசை மாற வேண்டும் என்பது என் கருத்து. முதலில் பராமரிப்பு, பிறகுதான் அலங்காரம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கிள்ளானில் வசிக்கும் என் அக்கா, தீபாவளிக் காலத்தில் முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை முதலியவற்றைச் செய்து விற்பவர். 2020 மார்ச் 18ஆம் நாள் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. வீடு தேடி வந்து வாங்கியவர்களின் வருகை நின்றது. ஆகவே, அக்காவுக்காக ஓர் இணையக் கடையை அமைக்க நான் முன்வந்தேன். அதில் எனக்கு முன் அனுபவம் ஏதும் இல்லை. வேர்ட்பிரஸ் என்னும் இலவச மென்பொருளைப் பயன்படுத்தினேன். 2003ஆம் ஆண்டு வெளிவந்த அது, வலைப்பதிவு எழுதுவதற்காக உருவாக்கப்பட்டது. வூகாமர்ஸ் என்னும் செருகுநிரலைச் சேர்த்தால் அது கடையாக மாறிவிடும். செருகுநிரல் என்பது தளத்திற்குக் கூடுதல் வசதியைத் தரும் சிறு மென்பொருள்.

வண்ணம், எழுத்துரு, முகப்புப் படம் என்று பல வாரங்கள் உழைத்தேன். கடை அழகாக இருந்தது. தீபாவளிக்கு இரண்டு வாரங்களே இருந்தபோது, பல செருகுநிரல்களுக்குப் புதிய பதிப்புகள் வந்திருப்பதாகத் தளம் அறிவித்தது. யோசிக்காமல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் புதுப்பித்தேன். முகப்பு வழக்கம்போல் தெரிந்தது. நானும் தூங்கிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அக்கா அழைத்தார். “தம்பி, இரண்டு நாளாக ஓர் ஆர்டர்கூட வரவில்லையே! நம் முறுக்கு யாருக்கும் பிடிக்கவில்லையா?” என்று கேட்டார். பணம் செலுத்தும் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். அது வேலை செய்யவில்லை. பழைய நிலைக்குத் திரும்பலாம் என்றால், காப்புநகல் எடுத்து வைக்கவில்லை. எந்தச் செருகுநிரலால் சிக்கல் வந்தது என்பதை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்துக் கண்டுபிடிக்க ஓர் இரவு பிடித்தது. ஆண்டின் மிகச் சிறந்த விற்பனை நாள்களில் இரண்டு வீணாயின. அதைவிட, தம் கைப்பக்குவத்தின் மீதே அக்கா ஐயம் கொண்டதுதான் எனக்குப் பெரிதும் வலித்தது.

அப்படியானால் புதுப்பிக்காமலே விட்டுவிடலாமா? கூடாது. பழைய பதிப்புகளில் உள்ள பாதுகாப்புக் குறைகள் ஊடுருவிகளுக்குத் தெரிந்துவிடுகின்றன. புதுப்பிக்காத தளம், பூட்டுப் பழுதான வீட்டைப் போன்றது. எனவே, புதுப்பிக்கும் முறையைத்தான் கற்க வேண்டும். முதலில் காப்புநகல் எடுத்து, அதைத் தளம் இருக்கும் சேவையகத்தில் மட்டும் வைக்காமல் வேறோர் இடத்திலும் சேமிக்க வேண்டும். பிறகு, செருகுநிரல்களை ஒவ்வொன்றாகப் புதுப்பிக்க வேண்டும். முடிவில், வாடிக்கையாளரைப்போல் நாமே ஓர் ஆர்டர் செய்து பார்க்க வேண்டும்.

பராமரிக்கத் தெரிந்தவருக்கு அலங்காரமும் எளிதாகக் கைகூடும். தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிப்பது வார்ப்புரு. அதன் மூலக் கோப்பை நேரடியாகத் திருத்தினால், அடுத்த புதுப்பிப்பில் நம் திருத்தங்கள் அழிந்துவிடும். அதற்காகவே சேய் வார்ப்புரு என்ற ஏற்பாடு இருக்கிறது. திருத்தங்களை அதில் எழுதினால், தாய் வார்ப்புரு புதுப்பிக்கப்பட்டாலும் அவை நிலைக்கும். தொடக்கநிலையில் இருப்பவர்கள், முடிந்தால் தளத்தின் மாதிரி நகல் ஒன்றில் பழகுவது நல்லது. அங்கே தவறு செய்தால் யாருக்கும் நட்டமில்லை.

“ஷாப்பி, லசாடா போன்ற விற்பனைத் தளங்கள் இருக்கும்போது இவ்வளவு தொல்லை எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அங்கே தொழில்நுட்பச் சுமை குறைவு, வாடிக்கையாளர்களும் அதிகம். ஆயினும், அது பிறர் கட்டிய சந்தை. கட்டணத்தையும் விதிமுறைகளையும் அவர்களே முடிவு செய்வார்கள். சொந்தத் தளம் இருந்தால், நமக்கென ஓர் இடம் இருக்கும். இரண்டையும் வைத்துக்கொள்வோரும் உண்டு.

“இது தொழில்நுட்பர்களின் வேலை” என்போரும் உள்ளனர். மகிழுந்து வைத்திருப்பவர் அதன் இயந்திரத்தைப் பிரித்துப் பழுதுபார்க்க வேண்டியதில்லை. ஆனால், எண்ணெய் அளவையும் டயர்க் காற்றையும் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அதுபோல, தளத்தின் பெயர் யார் பெயரில் பதிவாகியுள்ளது, எப்போது காலாவதியாகும், கடவுச்சொல் யாரிடம் உள்ளது என்பன கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இவை தெரியாவிட்டால், தம் கடைக்குள் நுழையவே பிறர் தயவை நாட வேண்டியிருக்கும்.

பராமரிப்பு என்பது வாடிக்கையாளருக்குச் செலுத்த வேண்டிய மரியாதையும்கூட. நம் நாட்டின் மின்வணிக விதிமுறைகளின்படி, இணைய விற்பனையாளர் தம் பெயர், தொடர்பு விவரம், பொருளின் முழு விலை, பொருள் வந்து சேர ஆகும் காலம் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும். சென்ற ஆண்டின் விலையை மாற்றாமல் விடுவதும், தீர்ந்துபோன பொருளை இருப்பதாகக் காட்டுவதும் வாங்குபவரை ஏமாற்றுவதற்கு ஒப்பாகும். மேலும், வாங்குபவர் நம்மிடம் பணத்தை மட்டும் தருவதில்லை; தம் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் நம்பி ஒப்படைக்கிறார். அவற்றைக் காப்பது கடைக்காரரின் கடமை.

மாணவர்களே, உங்கள் குடும்பத்திலும் பலகாரமோ, பூமாலையோ, தைத்த ஆடையோ விற்பவர்கள் இருக்கலாம். “உனக்குத்தான் கணினி தெரியுமே, ஓர் இணையக் கடை அமைத்துக் கொடு” என்று அவர்கள் உங்களிடம் கேட்கக்கூடும். தயங்காமல் முன்வாருங்கள். தவறு நேரும் என்று அஞ்ச வேண்டாம். தவற்றைச் சரிசெய்யும் வழியை முன்கூட்டியே அமைத்துக்கொள்ளுங்கள். எந்த நிறம் பொருந்தும் என்று யோசிப்பதற்கு முன், காப்புநகல் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

என் அக்காவின் கடை இன்றும் நடக்கிறது. இப்போது காப்புநகல் எடுப்பவர் நானல்லர், அக்காவேதான். முறுக்கு மாவு பிசையும் கைகளே அந்த வேலையையும் பழகிக்கொண்டன.