கேழ்வரகை விலக்க வேண்டியதில்லை, மாத்திரையை விடலாகாது

தைராய்டு சுரப்புக் குறைவு எனக் கண்டறியப்பட்டோர் எங்களிடம் முதலில் கேட்பது, "எதையெல்லாம் சாப்பிடக் கூடாது?" என்பதே. முட்டைக்கோசு, கம்பு, கேழ்வரகு என அக்கம்பக்கத்தார் சொன்ன நீண்ட விலக்குப் பட்டியலோடும் பலர் வருகின்றனர். களியும் கூழும் உண்டு வளர்ந்த தருமபுரி மாவட்டத்தில் கேழ்வரகை விலக்குவது, அன்றாட உணவையே விலக்குவதாகும். அதற்குத் தேவையில்லை என்பது எங்கள் கருத்து.

இந்த அச்சத்திற்கு ஓர் அடிப்படை உண்டு. முட்டைக்கோசு, கம்பு, மரவள்ளி ஆகியவற்றிலுள்ள சில பொருள்கள், தைராய்டு சுரப்பியின் வேலைக்கு இடையூறு செய்யக்கூடியவை. சூடான் நாட்டின் டார்பூர் பகுதியில், கம்பை முதன்மை உணவாகக் கொண்ட மக்களிடையே முன்கழுத்துக் கழலை மிகுந்திருந்ததை ஆய்வாளர்கள் கண்டனர். ஆனால், அங்கே அயோடின் பற்றாக்குறையும் சேர்ந்திருந்தது. போதிய அயோடின் கிடைக்கும் உடலுக்கு, இவற்றைச் சமைத்து அளவோடு உண்பதால் பொதுவாகத் தீங்கில்லை. குச்சிக்கிழங்கை மட்டும் தோல் நீக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட்டு உண்க.

ஆகவே, முதலில் கவனிக்க வேண்டியது உப்புச் சாடியை. காங்ரா பள்ளத்தாக்கில் 1956இல் மருத்துவர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் தொடங்கிய ஆய்வு, அயோடின் கலந்த உப்பு கழலையைக் குறைப்பதை நிறுவியது. 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் பிறந்தது. இருந்தும், 2018–19 ஆய்வின்படி போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்திய வீடுகள் தமிழ்நாட்டில் 61.9 விழுக்காடு மட்டுமே. மாநிலங்களுள் இதுவே மிகக் குறைவு. தூத்துக்குடியில் உப்பு விளைவிக்கும் நமக்கு இது பெருமையன்று. கல்லுப்பு வாங்கினாலும் உறையில் 'அயோடின் கலந்தது' என்று இருக்கிறதா எனப் பாருங்கள்; மூடி வையுங்கள். உப்பின் அளவைக் கூட்ட வேண்டியதில்லை.

எனினும், வந்துவிட்ட நோயை உப்பு தீர்த்துவிடாது. உடலின் எதிர்ப்பாற்றல் தன் சுரப்பியையே தாக்குவதால் பலருக்கு இந்நோய் வருகிறது. அவர்களுக்குக் குறையும் சுரப்பை ஈடுசெய்வது மாத்திரையே. பத்தியம் இருப்பதாக எண்ணி மாத்திரையை நிறுத்துவதே எங்களை மிகவும் கவலைகொள்ளச் செய்கிறது. கருவுற்ற தாய் அவ்வாறு நிறுத்தினால், குழந்தையின் மூளை வளர்ச்சியும் பாதிக்கப்படலாம்.

மாத்திரையை விடியற்காலை வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, ஒரு மணி நேரம் கழித்தே காபியோ கூழோ அருந்துங்கள். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. உடனே உண்டால் மருந்து முழுமையாக உட்கிரகிக்கப்படாமல் போகலாம். இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். மதியம் களியும் கீரைக் கடைசலும் கொள்ளு ரசமும் தாராளமாக உண்ணலாம். அவற்றின் நார்ச்சத்து, இந்நோயில் வரும் மலச்சிக்கலுக்கும் நல்லது.

இந்நோய் கண்டோரில் பெரும்பாலோர் பெண்கள். வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்பவர்களும் அவர்களே. குடும்பத்தாரிடம் நாங்கள் கேட்பது இதுதான்: தனிப் பத்தியச் சமையல் செய்யச் சொல்லி அவர்கள் சுமையைக் கூட்டாதீர்கள். காலையில் அந்த ஒரு மணி நேரத்தை அவர்களுக்குத் தவறாமல் ஒதுக்கிக் கொடுங்கள்.