பசுமை மட்டுமே நலம் அன்று: மூடப்பட்ட குப்பைமேடுகளும் அவற்றின் செடிகளும்

மூடப்பட்ட குப்பைமேட்டின்மேல் புல் படர்ந்துவிட்டால் நிலம் மீண்டுவிட்டது என்று எளிதாகக் கருதிவிடுகிறோம். எந்தப் புல் முளைத்தது, எங்கே முளைக்க மறுத்தது என்று கேட்பவர் குறைவு. அந்தக் கேள்வியை இனியும் தள்ளிப்போடலாகாது.

2021-இல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தின் இரண்டாம் கட்டம், நகரங்களில் தேங்கிய பழங்குப்பை மேடுகளைச் சீரமைப்பதை இலக்காகக் கொண்டது. மும்பையின் கோராய் மேடு இருந்த இடத்திலேயே மூடப்பட்டது. தில்லியின் இந்திரப்பிரஸ்த பூங்கா பழைய குப்பை நிலத்தின்மேல் அமைந்தது. கொல்கத்தாவின் தாப்பாவில் குப்பை மட்கிய மண்ணில் தலைமுறைகளாகக் காய்கறி விளைகிறது. நடைபயிற்சியும் மேய்ச்சலும் உணவும் இத்தகைய நிலங்களோடு பிணைந்துள்ளன. ஆகவே அவற்றின் நிலை அறிவது ஆய்வாளரின் ஆர்வம் மட்டும் அன்று, மக்களின் தேவையும் ஆகும்.

மட்கும் குப்பையிலிருந்து எழும் மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் மண்துளைகளிலுள்ள ஆக்சிஜனை வெளியேற்றிவிடுகின்றன. வேர்கள் மூச்சுத் திணறுகின்றன. பருவமழைக்குப் பின்னும் பசுமை நடுவே வெறுமையாய்க் கிடக்கும் திட்டு, வாயுக் கசிவை ஐயுறவேண்டிய இடம். சரிவின் அடிவாரத்தில் சம்பு அடர்ந்திருந்தால் அங்கே ஈரம் நிலைத்திருக்கிறது. அது குப்பையிலிருந்து வடியும் கசிவுநீராகவும் இருக்கலாம். கடலுக்குத் தொலைவான ஊரில் உமரி போன்ற உப்புத் தாங்கும் செடிகள் தோன்றினால் அந்த ஐயம் வலுப்பெறும். ஆமணக்கும் முள்ளுக்கீரையும் ஒருசேரச் செழிப்பது தழைச்சத்து மிகுதியைச் சுட்டும்.

இவை சாலையோரங்களிலும் வளர்பவைதாமே என்ற மறுப்பு நியாயமானது. பார்த்தீனியமும் எருக்கும் எங்கும் உள்ளன. அதனால்தான் தனிச்செடி சான்றாகாது; எவை சேர்ந்து வாழ்கின்றன, எது மேலோங்குகிறது, எது இல்லை என்பனவற்றைச் சேர்த்தே படிக்கவேண்டும். மூடுமண் வேறிடத்திலிருந்து விதைகளோடு வந்திருக்கும். ஆகையால் ஆழமற்ற வேருடைய செடிகள் அம்மண்ணின் கதையையே சொல்லக்கூடும். கன உலோகங்களைத் தாங்கவல்ல செடியோ நஞ்சுள்ள மண்ணிலும் வாட்டமின்றி நிற்கும். எனவே தாவர ஆய்வு வேதியியல் சோதனைக்கு மாற்று ஆகாது. எங்கே தோண்டிச் சோதிக்கவேண்டும் என்பதைக் குறைந்த செலவில் காட்டும் வரைபடம் அது.

ஜெர்மானியத் தாவரவியலாளர் எல்லென்பெர்க் 1974-இல் மத்திய ஐரோப்பியச் செடிகளுக்கு ஈரம், ஒளி, தழைச்சத்து முதலியவற்றுக்கான சுட்டெண்களை வகுத்தளித்தார. அவ்வெண்களைப் பருவமழை நாட்டுக்கு அப்படியே பொருத்த இயலாது. செடிகொண்டு நிலமறிவது இங்கே புதிதன்று; ஆறாம் நூற்றாண்டின் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் மரங்களையும் புற்றுகளையும் கொண்டு நிலத்தடி நீரை அறியும் முறைகளைத் தொகுத்தார். மரபைப் போற்றுவது மட்டும் போதாது. இந்நிலத்துக்குரிய அளவுகளை இன்றைய முறையில் உருவாக்கவேண்டும்.

அதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகத் தாவரவியல் துறையும் அருகிலுள்ள ஒரு மூடிய குப்பைமேட்டைத் தத்தெடுக்கலாம். நிலையான சதுரங்கள் வகுத்து, மழைக்குப் பின் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும், மண், வாயு அளவீடுகளோடு சேர்த்து ஆண்டுதோறும் பதிவுசெய்யலாம். முதுநிலை மாணவர்களின் களப்பயிற்சியே அதற்குப் போதும். அப்பதிவுகள் திரளும்வரை, எந்தக் குப்பைமேட்டையும் அதன் பச்சை நிறத்தை மட்டும் கண்டு பாதுகாப்பானதென அறிவிக்கலாகாது.