மீன் ரூம் போடலாமா? முதல்ல மாசக் கணக்கைப் போடுங்க

தீபாவளி போனஸ் வந்த கையோடு ஒரு தம்பி என் ஆபீஸுக்கு வந்தார். சிவகாசியில் ஒரு பிரிண்டிங் பிரஸ்ஸில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறார். கைக்கு வரும் சம்பளம் 24,000.

"அண்ணே, மாடி ரூம் சும்மாதான் கிடக்கு. பத்து தொட்டி வச்சு மீன் ரூம் போடலாம்னு இருக்கேன். போனஸ் 15,000 இருக்கு, மீதிக்கு பர்சனல் லோன். கப்பி மாசா மாசம் குட்டி போடும், அதை வித்தே இஎம்ஐ கட்டிரலாம். அந்த லோன் வட்டியை வரியில கழிக்க முடியுமாண்ணே?"

"உங்க சம்பளத்துக்கு வரியே வராது தம்பி, அப்புறம் எதுல கழிக்கிறது?" என்றேன். சிரித்துவிட்டார். ஆனால் அவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிடறேன். 2020 லாக்டவுனில் நானும் இதே வேலையைச் செய்தவன். விருதுநகரில் எங்க வீட்டு மாடி ரூமில் இரண்டடிக்கு ஓரடி அளவில் பத்து தொட்டி. அந்த நோட்டு இன்னும் என்கிட்ட இருக்கு.

தொட்டி விலை பெரிய விஷயமே இல்ல

இரும்பு ஸ்டாண்ட் 9,000. தொட்டிகள் 12,000. ஏர் பம்ப் 3,000. ஸ்பாஞ்ச் ஃபில்டர், பைப் 2,500. லைட் 3,500. ஆக 30,000. மீன் 5,000. மொத்தம் 35,000. எல்லாரும் இந்தக் கணக்கோட நிறுத்திடுவாங்க. நானும் அப்படித்தான் நிறுத்தினேன்.

மாசக் கணக்கைப் பாருங்க. கரண்ட் 300, தீனி 450, மருந்தும் ஆன்டி குளோரினும் 150, விலைக்கு வாங்கின தண்ணி 300, செத்த மீனுக்குப் பதில் மீன் 300. தொட்டி, பம்ப் எல்லாம் அஞ்சு வருஷம் உழைக்கும்னு வச்சா தேய்மானம் மாசம் 500. கூட்டினால் 2,000. வருஷத்துக்கு 24,000. தம்பியின் ஒரு மாசச் சம்பளம்.

கரண்ட்: 500 யூனிட் கோட்டைக் கவனிங்க

பத்து தொட்டிக்கும் சேர்த்து ஒரே 35 வாட் ஏர் பம்ப் 24 மணி நேரமும் ஓடினால், இரண்டு மாசத்துக்கு 50 யூனிட். தொட்டிக்கு ஒரு 10 வாட் லைட், தினம் 8 மணி நேரம் என்றால் 48 யூனிட். ஆக சுமார் 100 யூனிட். தொட்டிக்குத் தொட்டி தனியா 15 வாட் பவர் ஃபில்டர் போட்டீங்கன்னா, ஃபில்டர் மட்டுமே 216 யூனிட் இழுக்கும். அதனால பல தொட்டி வைப்பவர்களுக்கு ஒரே பம்ப், ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான் லாபம்.

நம்ம ஊர்ல இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரீடிங். 2025-ல் இருந்த கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டின யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல். அதோடு 101 முதல் 200 வரைக்கும் கிடைத்த குறைந்த கட்டணமும் போயிடும், அதில் மட்டும் 200 ரூபாய்க்கு மேல் கூடும். உங்க வீடு ஏற்கனவே 420 யூனிட்டில் நின்றால், மீன் ரூம் உங்களைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிடும்.

தண்ணி: அதை யார் தூக்குறது?

இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடி தொட்டியில் 56 லிட்டர் பிடிக்கும். பத்து தொட்டிக்கு 560. வாரம் கால்வாசி மாத்தணும் என்றால் 140 லிட்டர், அதாவது ஒன்பது, பத்து குடம். பழைய தண்ணி வெளியே போகணும், புதுத் தண்ணி உள்ளே வரணும். குழாய்த் தண்ணி என்றால் குளோரின் போக ஒரு நாள் வாளியில் வைக்கணும், இல்லன்னா ஆன்டி குளோரின் விடணும். குடிதண்ணியே முறை வச்சு வரும் ஊர்ல இது சின்ன விஷயம் இல்ல. மாடி ரூம் என்றால் எடையையும் யோசிங்க. தண்ணி மட்டுமே அரை டன்னுக்கு மேல்.

ஒரு நல்ல சேதி, நம்ம வெயிலுக்கு ஹீட்டர் வேண்டாம். போர் தண்ணி கடினமா இருந்தாலும் கப்பி, மோலி, பிளாட்டி தாங்கும். கெட்ட சேதி, தண்ணி சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். சித்திரை வெயிலில் பம்ப் நின்னா நேரம் ரொம்பக் கம்மி.

எனக்கு அதுதான் நடந்தது. ஏப்ரலில் பேங்க் ஆடிட்டுக்கு வெளியூர் போயிருந்தேன். அன்னைக்கு மாதாந்திரப் பராமரிப்பு, காலையில போன கரண்ட் சாயங்காலம்தான் வந்தது. ராத்திரி அம்மா போன் பண்ணினாங்க. "நாலு தொட்டி போச்சுய்யா. மத்ததுல மக்குல தண்ணியைக் கோரிக் கோரி உயரத்துல இருந்து ஊத்திக்கிட்டே இருந்தேன். அதுக மட்டும் பிழைச்சிருக்கு." மூட்டு வலிக்காரங்க, பகல் முழுக்க அந்த வெக்கை ரூம்லயே நின்னிருக்காங்க.

அன்னைக்கு ராத்திரி நோட்டை எடுத்துப் பார்த்தேன். தீனிக்கு ஒரு காலம் இருக்கு, மருந்துக்கு ஒரு காலம் இருக்கு. அம்மாவுக்கு ஒரு காலம் இல்ல. தினம் 20 நிமிஷம், ஞாயிறு 3 மணி நேரம் என்று மாசம் 22 மணி நேர வேலை. அதில் பாதிக்கு மேல் நான் வீட்டில் இல்லாதபோது அவங்க செய்தது. தீப்பெட்டி வேலையை வீட்டுக்கு வீடு பார்த்து வளர்ந்த ஊர்க்காரன் நான். வீட்டில் வச்சு செய்யும் தொழிலில் யார் உழைப்பு கணக்கில் வராமல் போகும் என்று எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.

வித்து இஎம்ஐ கட்டலாமா?

எக்செல்லில் கப்பி மாதிரி அழகா பெருகுற பிசினஸ் வேற கிடையாது. 10 பெண் மீன், மாசம் தலைக்கு 30 குஞ்சு, ஒன்னு 20 ரூபா, மாசம் 6,000! ஆனா மாசம் 300 கப்பியை நம்ம ஊர்ல வாங்குறது யாரு? குஞ்சில் பாதி வளர்வதற்குள் போகும். கடைக்காரர் மொத்த விலைக்குத்தான் எடுப்பார். சென்னை கொளத்தூரில் இது ஓடுதுன்னா, அங்க வண்ண மீன் குடும்பத் தொழில், வியாபாரிங்க பக்கத்துத் தெருவுலயே இருக்காங்க. நான் எட்டு மாசத்தில் வித்தது 11,600. அதே எட்டு மாசச் செலவு 16,000.

சீரியஸா தொழிலா செய்யணும்னா வழி இருக்கு. மத்திய அரசின் பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா யோஜனாவில் வீட்டுப் பின்புற வண்ண மீன் வளர்ப்பு யூனிட்டுக்கு 3 லட்சம் என்று செலவு நிர்ணயித்து, பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 60 சதவீதம் மானியம் வச்சாங்க. இப்போ விண்ணப்பம் வாங்குறாங்களான்னு மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் நேரில் கேளுங்க. மானியத்தை நம்பி முன்கூட்டியே கடன் வாங்காதீங்க.

சம்பளம் அதிகமா இருக்கிறவங்களுக்கு ஒரு வரி எச்சரிக்கை. மீன் வித்த லாபம் விவசாய வருமானம் ஆகாது, வியாபார வருமானம். வழக்கமா போடும் ஐடிஆர்-1 போட முடியாது. தொழில் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கவும் முடியாது. சம்பளம் மட்டும் இருந்தா வருஷா வருஷம் பழைய வரி முறை, புதிய வரி முறை மாத்திக்கலாம். வியாபார வருமானம் வந்துட்டா, பழைய முறைக்குப் போய் புதியதுக்குத் திரும்ப ஒரே ஒரு தடவைதான் வாய்ப்பு. ஹவுசிங் லோன் வச்சிருக்கிறவங்க இதை மறக்காதீங்க.

அப்போ என்னதான் சொல்ல வர்றேன்?

மாசம் 2,000 ரூபாயை எஸ்ஐபியில் போட்டு, 10 சதவீதம் வளர்ச்சி என்று வச்சா, பத்து வருஷத்தில் 4 லட்சம் வரும். அதனால மீன் வளர்க்காதேன்னு நான் சொல்ல மாட்டேன். அந்தக் கணக்கில் பார்த்தா சினிமா, பரோட்டா எதுவுமே மிஞ்சாது. வேலை முடிஞ்சு வந்து தொட்டி முன்னாடி பத்து நிமிஷம் உட்கார்ந்தா கிடைக்கும் நிம்மதிக்கு 2,000 கொடுக்கலாம்.

ஆனா இது நிறுத்தி வைக்க முடியாத செலவு. எஸ்ஐபியை நாலு மாசம் நிறுத்தலாம். ஜிம்முக்குப் போகாம இருக்கலாம். மீனுக்கு அடுத்த மாசம் தீனி போடுறேன்னு சொல்ல முடியாது. நம்ம பெல்ட்டுக்கு இது இன்னும் முக்கியம். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் நைட்ரேட்டுக்கும் சரவெடிக்கும் தடை போட்ட பிறகு, பட்டாசு ஆலைகள் மாசக்கணக்கில் மூடிக் கிடந்ததைப் பார்த்தவங்க நாம. வருமானம் நிற்கும், ஆனா நிற்காத செலவு நிற்காது.

அதனால என் விதி மூணு. ஒன்னு, கடன் வாங்கி மீன் ரூம் போடாதீங்க. இரண்டு, உங்க குடும்ப எமர்ஜென்சி ஃபண்டுக்கு மேலே மீனுக்குன்னு ஆறு மாசச் செலவு 12,000 தனியா வச்சுட்டு ஆரம்பிங்க. மூணு, நீங்க ஊர்ல இல்லாத நாள் யார் பார்ப்பாங்கன்னு அவங்ககிட்டயே கேட்டு, அவங்க சரின்னு சொன்ன பிறகு ஆரம்பிங்க.

1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கல்கத்தாவுக்குப் போய் மாசக்கணக்கில் கத்துக்கிட்டு வந்துதான் சிவகாசியில் ஆலை போட்டாங்க. ஊரே அப்படி உருவான ஊரு. நீங்களும் இரண்டு தொட்டியில் ஆறு மாசம் கத்துக்கோங்க. தொட்டித் தண்ணி மீனுக்குப் பக்குவப்படவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். ஒரு சித்திரை வெயில், ஒரு நீளமான கரண்ட் கட், ஒரு வெளியூர்ப் பயணம், மூணையும் தாண்டினா மூணாவது தொட்டி வாங்குங்க.

அந்தத் தம்பி லோன் போடல. இரண்டு தொட்டியோட, கீழ் வீட்டு ஹாலில், குழாய்க்குப் பக்கத்துல ஆரம்பிச்சிருக்கார். என்கிட்ட இப்போ நாலு தொட்டி. ஞாயிற்றுக்கிழமை குடம் தூக்குறது நான். அம்மா சேரைப் போட்டு உட்கார்ந்து மீன் பார்க்கிறாங்க.

மீன் ரூம் ஏற்கனவே வச்சிருக்கீங்களா? இந்த மாசக் கணக்கை ஒரு தடவை எழுதிப் பாருங்க, அம்மா காலத்தையும் சேர்த்து. அடுத்த வீடியோவில் சந்திப்போம்.